உங்களுக்குத் தெரியுமா? கடை பில்லே கணக்குப் புத்தகம்

தமிழ்நாட்டுப் பாடநூலில் விலைப்பட்டியலும் லாப நட்டமும் ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. எட்டாம் வகுப்பில் ‘வாழ்வியல் கணிதம்’ என்ற பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சதவீதம், தள்ளுபடி, ஜி.எஸ்.டி., கூட்டு வட்டி எல்லாம் அதில் உண்டு. ஒன்பதிலும் பத்திலும் இயற்கணிதமும் முக்கோணவியலும் வந்து உட்கார்ந்துகொள்ள, வாழ்வியல் வெளியே போய்விடுகிறது. கையில் காசு புழங்காத பதின்மூன்று வயதில் சொல்லிக்கொடுத்து முடித்துவிடுகிறோம். பையன் பைக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் வயதில் அதெல்லாம் மறந்து போயிருக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாடப்புத்தகக் கணக்கில் அசல், வட்டி, காலம் என்று வேண்டிய எண்களையெல்லாம் தந்துவிடுவார்கள். கடையில் அப்படி யாரும் தருவதில்லை. ஏதோ ஓர் எண்ணைச் சொல்லாமல் விடுவதில்தான் பாதி வியாபாரம் நடக்கிறது. சொல்லாமல் விட்ட எண்ணைத் தேடிப் பிடிக்கப் பழக்கும் கணக்குகள் சில இங்கே. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை யாரும் போட்டுப் பார்க்கலாம்.

501வது யூனிட்

வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்வோம். பிறகு கட்டணம் மாறியிருக்கிறது. ஆனால் கரும்பலகையில் போட அந்த எண்கள்தான் வசதி. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 225 + 900 + 600, ஆக 1,725 ரூபாய்.

501 யூனிட் ஓடியிருந்தால்? அடுத்த அடுக்கின் விலை 8 ரூபாய். 1,725உடன் 8ஐக் கூட்டி 1,733 என்று வகுப்பே சொல்லும். இல்லை. 500ஐத் தாண்டியதும் அட்டவணையே வேறு. 2.25 என்ற சலுகை விலை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டுக்கும் 4.50. எனவே 1,350 + 600 + 8 = 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்.

இதை வரைபடமாகப் போடச் சொன்னால் கோடு சாய்வாக ஏறிக்கொண்டே வந்து 500இல் செங்குத்தாக ஒரு படி தாவும். வருமான வரி அடுக்குகள் இப்படித் தாவுவதில்லை. அங்கே தாண்டிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். ‘சம்பளம் கூடினால் வரி மொத்தத்தையும் தின்றுவிடும்’ என்று அலுவலகங்களில் பேசிக்கொள்பவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள்தான்.

அதே ஃபேன், வேறு லாபம்

ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், புதிய பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 45 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம், 60 நாள் ஓட்டினால் ஏறக்குறைய 32 யூனிட் மிச்சமாகும். மேலே சொன்ன அட்டவணைப்படி 350 யூனிட் ஓடும் வீட்டில் இதனால் கிடைப்பது 144 ரூபாய். 530 யூனிட் ஓடும் வீட்டிலோ பில் 2,190இலிருந்து 1,713க்கு இறங்கும், லாபம் 477. ஒரே ஃபேன், ஒரே மிச்சம், வீட்டுக்கு வீடு வேறு பலன். விளம்பரத்தில் ‘இத்தனை ரூபாய் சேமிக்கலாம்’ என்று வரும்போது எந்த வீட்டுக்கு என்று கேட்க வேண்டும்.

50 + 20 = 60

ஆடித் தள்ளுபடியில் ‘50 சதவீதம், அதன் மேல் 20 சதவீதம்’ என்று தொங்கவிட்டிருந்தால் மொத்தத் தள்ளுபடி 70 அல்ல, 60. இரண்டாவது 20, மீதியிருக்கும் பாதியின் மேல்தான். ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது 33.3 சதவீதத் தள்ளுபடி. அதுவும் மூன்று சட்டை நமக்குத் தேவையாக இருந்தால்தான்.

118இல் எத்தனை வரி?

எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் உட்பட. 118 ரூபாய் பொருளில் 18 சதவீத ஜி.எஸ்.டி. எவ்வளவு என்றால், 118ஐ 18ஆல் பெருக்கி 100ஆல் வகுத்து 21.24 என்று எழுதாத வகுப்பு அரிது. சரியான விடை 18 ரூபாய். வரி, அடக்க விலையான 100இன் மேல் போடப்பட்டது. 118ஐ 1.18ஆல் வகுத்தால்தான் அடக்க விலை வெளியே வரும்.

2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, பற்பசை, குளியல் சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் போன்றவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரியில் 13 சதவீதம் குறைந்தது, அப்படியானால் விலையும் 13 சதவீதம் குறைய வேண்டும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 118 ரூபாய் ஷாம்பு 105 ஆக வேண்டும். 118இல் 13 என்பது 11 சதவீதம்தான். கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் வகுத்துப் பார்ப்பது நல்லது.

பெரிய பாக்கெட் மலிவா?

பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன எண் இருக்கும்: ஒரு கிராமுக்கு, அல்லது ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று. பொட்டலப் பொருள் விதிகளின்படி அதைப் போட்டாக வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் கிராம் விலை. கிலோவுக்கு மேல் என்றால் கிலோ விலை. 500 கிராம் பாக்கெட்டில் 0.29 என்றும், ஐந்து கிலோ பையில் 305 என்றும் இருந்தால் எது மலிவு? 0.29ஐ ஆயிரத்தால் பெருக்கினால் 290. சின்னப் பாக்கெட்தான். பெரியது எப்போதும் மலிவு என்ற நம்பிக்கை பல வீட்டு மளிகைச் சீட்டுகளை எழுதிக்கொண்டிருக்கிறது.

இதிலேயே இன்னொன்று. பத்து ரூபாய் பிஸ்கட் பத்து ரூபாயாகவே இருக்கும், எடை மட்டும் குறையும். 100 கிராம் 85 ஆனால் எடைக் குறைவு 15 சதவீதம். விலையேற்றம் 15 அல்ல, 17.6. பாதியாகக் குறைந்தால் விலையேற்றம் 100 சதவீதம். வகுப்பில் தலைகீழ் விகிதம் நடத்தும் அன்று இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. செலவும் பத்து ரூபாய்தான், பிறகு சாப்பிட்டும் விடலாம்.

லிட்டரும் கிலோவும்

ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். செக்கு எண்ணெயைக் கிலோவில் விற்கும் கடையையும் லிட்டரில் விற்கும் கடையையும் ஒப்பிடும்போது இது தெரியாவிட்டால் ஒன்பது சதவீதம் கணக்கில் காணாமல் போகும். ஐஸ்கிரீம் லிட்டரில் விற்கப்படுகிறது, உள்ளே நிறையக் காற்று. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. நீலத்தை வாங்கிக் கெட்டித் தயிருக்குக் காத்திருப்பவர்கள் இந்தச் சதவீதத்தைப் படிக்காதவர்கள்.

பொன்னிலக்கம், நெல்லிலக்கம்

கடைக் கணக்கைப் பள்ளியில் நடத்துவது புதுமை என்று நினைத்தால் தப்பு. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியோடு பிள்ளைகள் படித்தவை பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று. பொன்னை நிறுப்பது, நெல்லை அளப்பது, நிலத்தின் பரப்பைச் சொல்வது. பின்னங்களும் அப்படித்தான்: மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தைப் புரட்டினால் நிலமும் நெல்லும் பொன்னும்தான் கணக்குகளாக வருகின்றன. அந்தக் காலத்து மனப்பாடத்தையும் பிரம்பையும் திருப்பிக் கொண்டுவர யாரும் ஆசைப்பட வேண்டாம். ஆனால் கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு எண்ணுக்குப் போகும் அந்த வரிசை, இன்றைய எட்டாம் வகுப்புப் பயிற்சிக் கணக்கில் இல்லாதது.

ரெண்டு வட்டி

ஊரில் ‘ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கி ‘9 சதவீதம்’ என்று பலகையில் எழுதுவது ஆண்டுக்கு. இந்த இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டு, ‘வங்கியில் ஒன்பது கேட்கிறான், அண்ணாச்சி ரெண்டுதான் கேட்கிறார்’ என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பன்னிரண்டால் பெருக்கும் ஒரே ஒரு பழக்கம் போதும்.

கடன் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு? 72ஐ ஆண்டு வட்டியால் வகுத்தால் கிட்டத்தட்ட விடை. 12 சதவீதக் கூட்டு வட்டிக்கு ஆறு ஆண்டு, 24க்கு மூன்று ஆண்டு. இத்தாலியக் கணித அறிஞர் லூகா பச்சோலி 1494இல் வெளியிட்ட நூலிலேயே இந்தக் குறுக்கு வழி இருக்கிறது.

தண்டல்

சந்தையில் காய் விற்கும் அம்மா தண்டலுக்கு வாங்குகிறார். நோட்டில் எழுதுவது 10,000. கையில் தருவது 8,500, ‘பிடித்தம்’ 1,500. ஒரு நாளைக்கு 100 ரூபாய், நூறு நாள். வட்டி எத்தனை என்று கேட்டால் பிள்ளைகள் முதலில் 15 சதவீதம் என்பார்கள். கையில் வந்தது 8,500தானே என்று சுட்டிக்காட்டினால் 17.6 என்று திருத்துவார்கள். அத்தோடு நிறுத்தினால் பாதிக் கிணறுதான்.

மீதியை வகுப்பிலேயே பேச வைக்கலாம். அந்த 8,500 நூறு நாளும் அவர் கையில் இருந்ததா? இல்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்கிவிட்டார். சராசரியாக அவர் கையில் இருந்த கடன் ஏறக்குறைய பாதிதான். 4,250க்கு 1,500 வட்டி என்றால் 35 சதவீதம். அதுவும் ஒரு வருடத்துக்கு அல்ல, நூறு நாளுக்கு. துல்லியமாகப் போட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தொடும். பதினைந்தில் தொடங்கிய கேள்வி எங்கே போய் முடிகிறது பாருங்கள். மறைந்திருந்தவை இரண்டு எண்கள்: உண்மையில் கையில் இருந்த கடன், உண்மையில் கடந்த காலம்.

தமிழ்நாட்டில் 2003இல் வந்த அதீத வட்டித் தடுப்புச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி நேர வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் காலையில் நான்கு மணிக்குச் சரக்கு எடுக்க எந்த வங்கியும் திறந்திருப்பதில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும். அந்த அம்மா கணக்குத் தெரியாதவர் அல்ல.

‘ஃபிளாட் ரேட்’ பத்து

ஒரு லட்சம் பைக் கடன், 10 சதவீதம், இரண்டு ஆண்டு. வட்டி 20,000, மொத்தம் 1,20,000, மாதத் தவணை 5,000. கணக்குச் சுத்தமாக இருக்கிறது, சந்தேகமே வராது. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போது, ஒரு லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை வட்டி கட்டுகிறோம். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது 18 சதவீத வட்டி. ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிப்பதே ஒரு தேர்வுக் கேள்வியாக இருக்கலாம்.

‘ஜீரோ வட்டி இ.எம்.ஐ.’ என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. ரொக்கம் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடி, செயலாக்கக் கட்டணம் என்று வட்டி வேறு பெயரில் வந்து உட்கார்ந்திருக்கும்.

குறைந்தபட்சத் தொகை

கிரெடிட் கார்டில் 10,000 பாக்கி. குறைந்தபட்சம் 500 கட்டினால் போதும் என்கிறது பில். மாதம் 3.5 சதவீதம் வாங்கும் கார்டு என்றால் வட்டி 350. வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 63. கட்டிய 500இல் கடனைக் குறைத்தது 87 ரூபாய்.

ஒரு பவுன் மோதிரம்

பவுன் எட்டு கிராம் என்பது எல்லாருக்கும் தெரியும். கிராம் 10,000 ரூபாய் என்று எளிதாக வைத்துக்கொள்வோம்; 12 சதவீதம் சேதாரம். தங்கத்துக்கு 80,000, சேதாரத்துக்கு 9,600. இரண்டையும் சேர்த்து 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,688. மொத்தம் 92,288. மறுநாளே விற்கப் போனால் கிடைப்பது அதிகபட்சம் 80,000. போட்ட காசு திரும்பி வரவே தங்கம் 15 சதவீதத்துக்கு மேல் ஏறியாக வேண்டும். சேதாரத்துக்கும் வரி கட்டியிருக்கிறோம் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். 916 என்ற முத்திரைக்கும் கணக்கு உண்டு: 22ஐ 24ஆல் வகுத்தால் 0.916. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க அடையாளக் குறியும் இருந்தாக வேண்டும்.

சீட்டு யாருக்கு லாபம்?

இருபது பேர், மாதம் 5,000, ஒரு லட்சம் சீட்டு. ஒருவர் 30,000 தள்ளி ஏலம் எடுத்தால் அவருக்கு 70,000. தள்ளிய தொகையில் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, 25,000 இருபது பேருக்கும் 1,250 வீதம். அந்த மாதம் கட்ட வேண்டியது 3,750தான். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தில் 5 சதவீதமாக இருந்த கமிஷன் உச்சவரம்பை 2019 திருத்தம் 7 ஆக்கியது. அப்படி வாங்கினால் பங்கு 1,150 ஆகக் குறையும். முதலில் எடுப்பவர் கடன் வாங்கியவர், கடைசியில் எடுப்பவர் சேமித்தவர். ஒரே சீட்டில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அந்தச் சீட்டு பதிவு செய்யப்பட்டதா என்பது மட்டும் எந்தச் சமன்பாட்டிலும் வராது. நேரில் கேட்க வேண்டும்.

பதின்மூன்று மாதம்

28 நாள் ரீசார்ஜ் போடுபவருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை போதாது, 13 முறை. 299 ரூபாய் திட்டம் என்றால் 3,588 அல்ல, 3,887. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றையும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. விளம்பரத்தில் அவை கண்ணில் படுவது குறைவு.

பிளஸ் ஒன் குரூப்

தவணைக் கணக்கும் பங்குச் சந்தைக் கணக்கும் தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் இருக்கின்றன. அதை எடுப்பவர்கள் ஒரு பகுதி மாணவர்கள்தான். பொறியியலுக்குப் போகும் பிள்ளை தொகையிடல் வரை போட்டுவிட்டு, கல்விக் கடனுக்கு இ.எம்.ஐ. எப்படி வந்தது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறது. சி.பி.எஸ்.இ. 2020–21இல் பயன்பாட்டுக் கணிதம் என்ற பாடத்தைப் பதினொன்றில் தொடங்கியது. மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், வரி, தவணை எல்லாம் அதில் உண்டு. அங்கேயும் அது விருப்பப் பாடம்தான்.

பில் கொண்டுவா என்று சொல்லும் முன்

இந்தக் கணக்குகளை நடத்த ஆசைப்படும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு மின்கட்டண அட்டை, மளிகை பில், பாக்கெட் உறை கேட்கலாம். பெயரையும் எண்ணையும் மறைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். நகைக் கடன் சீட்டையும் தண்டல் நோட்டையும் கேட்காதீர்கள். ஒரு பிள்ளையின் வீட்டு நிலைமை வகுப்பு முழுவதற்கும் தெரிய வேண்டியதில்லை. அவற்றுக்கு நீங்களே ஒரு மாதிரி எழுதிக்கொள்ளலாம். பல பள்ளிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றம் என்று ஒன்று பெயரளவில் இருக்கும். டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினத்தில் மட்டும் கண் விழிக்கும். கணக்கு ஆசிரியர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டால் மாதம் ஒரு பில்லைப் பிரித்துப் பார்க்கலாம்.

புகாருக்குக் கட்டணம் இல்லை

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள், சேவை பற்றி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. பில் மட்டும் வேண்டும். சூட்டுத்தாளில் அச்சாகும் பில் சில மாதங்களில் வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.